கோடையில் வாய் திறக்கும் சுவர்

சாரம் கட்டுகிற வேலைக்கு இப்போது வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எவ்வளவு உயரம் ஏறியிருக்கீங்கண்ணே?" அவர்களுக்கு இரும்புக் குழாய் வந்துவிட்டது. மாட்டினால் பிடித்துக்கொள்கிற கொக்கி, இடுப்பில் பெல்ட், தலைக்குத் தொப்பி எல்லாம் உண்டு. எங்களுக்குச் சவுக்குக் கழியும் கயிறும்தான். நான் ஏறிய உயரத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் ஆக அதிகமாகப் பயந்து ஏறிய இடம் ஓர் அந்தோணியார் கோவிலின் முகப்பு. பக்கத்தில் நின்ற தென்னை மரம் அதைவிட உயரம்.

அந்த வேலையைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு ஊரில் பிறந்தேன். அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தார், களத்தில் அடித்தார். எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. தஞ்சாவூரில் ஓட்டலில் மேசை துடைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், அதிராம்பட்டினத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்தேன். அங்கேதான் காதர் கிடைத்தான். அவனும் என்னைப்போல வீட்டில் தங்காதவன். வேளாங்கண்ணிப் பக்கம் கட்டட வேலை நிறைய இருந்த காலத்தில் இரண்டு பேரும் சாரம் கட்டும் கூட்டத்தில் சேர்ந்தோம். முடிச்சுப் போடக் கற்றது, கழியைத் தட்டிப் பார்த்து உள்ளே பூச்சி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் ஒரு மழைக்காலத்துக்குள் வந்துவிட்டது. சாப்பாடு கிடைத்த நாளும் கிடைக்காத நாளும் இருந்தன.

கடலோரத்தில் ஒரு விடுதிக்குச் சாரம் கட்டியபோது, மேலே வார்த்திருந்த சன்னல் கூரை ஒன்று சத்தமில்லாமல் இறங்கியது. கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன் எங்கள் கூட்டத்து ஆள். உடலை எடுத்தபோது கையில் டம்ளர் அப்படியே இருந்தது. எங்கள் சாரம் அசையவேயில்லை. அன்றிலிருந்து ஏறுவதற்கு முன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்தது. சுவர் எதுவும் சொல்லாது. ஆனாலும் வைப்பேன்.

வைத்தியநாதன் சாரிடம் நான் சேர்ந்தது ஒரு மதகு வேலையில். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நிலம் நீச்சு இருந்த குடும்பம். எல்லாம் விற்றாயிற்று, பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். பழைய கட்டடம் எங்கே விரிசல் விட்டாலும் அவரைக் கூப்பிடுவார்கள். மதகுச் சுவரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிய என்னிடம், "என்னப்பா பார்த்தே?" என்றார்.

"சுவரு தாங்காதுங்க சார்."

"அது நீ நினைச்சது. பார்த்ததைச் சொல்லு."

திரும்ப ஏறிப் பார்த்துவிட்டு வந்து, மூன்றாவது வரிசையில் செங்கல் பொடியாக உதிர்கிறது, வேர் ஒன்று உள்ளே போகிறது என்று சொன்னேன். "அப்புறம்?" என்றார். வேரின் கனத்தைச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும் வரை கேட்டார். அதுதான் அவருடைய வழக்கம். குரலை உயர்த்த மாட்டார். வெந்நீர் பிளாஸ்க்கைத் தோளில் மாட்டியிருப்பார். பிடிக்காத யோசனையை யாராவது சொன்னால் "பார்ப்போம்" என்பார். அவர் பார்ப்போம் என்று சொன்ன எந்த வேலையும் நடந்ததில்லை. "சார் பார்ப்போம்னுட்டாருன்னா பால் ஊத்திடலாம்டா" என்பான் காதர்.

அந்தோணியார் கோவில் வேலை வந்தது ஈஸ்டருக்கு முந்தின ஒரு தவக்காலத்தில். வெண்ணாற்றுக் கிளை வாய்க்கால் ஒன்றின் கரையில், சுற்றிலும் வயலுக்கு நடுவில் அந்த ஊர். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்குச் சனம் வந்து கொண்டிருந்தபோது முகப்பின் உச்சியிலிருந்து ஒரு சுண்ணாம்புச் சுருள் கழன்று வாசற்படியில் விழுந்து நொறுங்கியது. படியில் அப்போது யாரும் இல்லை. பங்குத்தந்தை இளவயதுக்காரர். பயந்துபோய்ச் சாரைக் கூப்பிட்டார்.

நாங்கள் போன வண்டி கோவிலின் பின்பக்கமாக ஊருக்குள் நுழைந்தது. அதனால் நான் அந்தக் கோவிலை முதலில் பார்த்தது பின்னாலிருந்துதான். நீளமான ஓட்டுக் கூரை. அதற்குக் கிழக்கே, கூரையைவிட ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் கூடுதலாக ஒரு வெறும் சுவர் நின்றது. பூச்சு இல்லாத செங்கல். புறாக்கள். பின்னால் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. முன்பக்கம் சுற்றி வந்தபோது வேறு கோவிலாக இருந்தது. இரட்டை இரட்டையாகத் தூண்கள், அவற்றின் மேல் இன்னோர் அடுக்குத் தூண்கள், முட்டை வடிவத்தில் ஒரு சன்னல், அதற்கு மேல் சிப்பி போல் குடைந்த மாடத்தில் குழந்தையேசுவைத் தூக்கிய அந்தோணியார். உச்சி நேராக முடியாமல் அலை மாதிரி வளைந்து ஏறி, வளைந்து இறங்கியது. இரண்டு பக்கமும் பெரிய சுருள்கள். ஒரு சுருள் இருந்த இடத்தில் இப்போது பொக்கை.

"சினிமா செட்டு மாதிரில்ல இருக்கு. முன்னாடி அரண்மனை, பின்னாடி ஒண்ணுமில்ல" என்றான் காதர்.

சார் அதைக் கேட்டுவிட்டார். கோபப்படவில்லை. "சரியாத்தான் சொல்றே. இந்தக் கட்டடப் பாணிக்குப் பரோக்னு பேரு. முகப்பைத் திரை மாதிரி தூக்கி நிறுத்துவாங்க. தூரத்துல வயல்ல நிக்கிறவனுக்குத் தெரியணும், வாசல்ல வந்து நின்னா அண்ணாந்து பார்க்க வைக்கணும். அதுக்காகவே கட்டினது" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதையும் சொன்னார். கடல் கடந்து வந்த சாமியார்கள் தங்கள் ஊர்க் கோவிலை நினைவில் வைத்துத் தரையில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். கட்டியது இந்தப் பக்கத்துக் கொத்தர்கள். அவர்களுக்குத் தெரிந்தது மண்டபமும் கோபுரச் சுதையும். அதனால் தூண் தலையில் சாமியார்கள் ஊர் இலைக்குப் பதிலாகத் தாமரை இதழ். சுருளின் நுனி யாளியின் வால் மாதிரி மடங்கியிருக்கும். உள்ளே பீடத்தில் திருகிய மரத்தூண்களில் திராட்சைக் கொடி சுற்றியிருக்க வேண்டும். கொடி செதுக்கியவர் திராட்சையைப் பார்த்ததில்லை போல, காய் எல்லாம் கோவைக்காய் அளவுக்கு நீளம். கூரை ஓட்டுக்குக் கீழே, சனம் உட்காருகிற நடுச்சாலை முழுக்கச் செங்கலில் வளைத்த வளைவு. கழுத்தை ஒடித்து மேலே பார்த்தால் வானம் மாதிரி நீலம் பூசி நட்சத்திரம் வைத்திருந்தார்கள்.

சார் அந்தக் கோவிலுக்குள் போகும்போதெல்லாம் செருப்பை வாசலில் விட்டுத்தான் போனார். யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கு முதல் உத்தரவு, சாரம் சுவரைத் தொடக்கூடாது என்பது. வழக்கமாகக் கழியின் ஒரு முனையைச் சுவரில் உள்ள துளையில் செருகுவோம். அந்தச் சுவரிலேயே பழைய காலத்துத் துளைகள் இருந்தன. அவற்றில் செருகவும் அவர் விடவில்லை. இரண்டு வரிசை நட்டு, குறுக்குக் கழி போட்டு, தன் காலில் தானே நிற்கிற சாரம் கட்டினோம். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. மேலே நின்றால் காற்றில் சாரம் ஆடும். சுவர் ஆடாமல் நிற்கும். எது ஆடுகிறது என்று சிறிது நேரத்தில் குழம்பிப் போகும். உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம் என்றால் குனிந்து எட்ட வேண்டும். நான் எட்டி வைத்தேன். சார் கீழேயிருந்து பார்த்து, "அதைத் தொடாதேப்பா" என்றார்.

பிறகு தூக்குக்குண்டு. உச்சியிலிருந்து நூலை விட்டு, கீழே குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தண்ணீருக்குள் இருந்தால் காற்றுக்கு ஆடாது. நூல் சுவரைவிட்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்று நான் ஒவ்வோர் அடுக்கிலும் பார்த்துச் சொன்னேன். மேலே போகப் போகச் சுவர் வாசல் பக்கம் சாய்ந்திருந்தது. கீழே தினமும் சனம் மெழுகுவர்த்தி ஏற்றுகிற பக்கம்.

சாய்வைவிட மோசம் பின்பக்கம் பார்த்ததுதான். கூரைமேல் ஏறி, வளைவும் முகப்பும் சேருகிற இடத்துக்குப் போனேன். மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல். அதற்குள் அடுக்கடுக்காக ஏதோ அடைத்திருந்தது. கலவை, அதன்மேல் வெள்ளைக் கோடு, மறுபடி கலவை, மறுபடி வெள்ளைக் கோடு. வெங்காயம் உரித்த மாதிரி. சாரிடம் சொன்னேன்.

"அப்புறம்?"

"வெளிப்பக்கம் இருக்கிறது சிமெண்டு சார். உள்ளே போகப் போகச் சுண்ணாம்பு. நடுவுல ஓட்டுச் சில்லு வச்சு இறுக்கியிருக்கு."

"அப்புறம்?"

"கடைசி அடுக்குக்கும் சுவருக்கும் நடுவுல இப்ப திரும்பவும் விரிஞ்சிருக்கு சார். விரல் போகுது."

அவர் பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். ஃபாதரைக் கூப்பிட்டு, "இதை யாரு அடைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

ஊருக்கே தெரிந்த விஷயம் அது. கோடையில் வாய்க்கால் காய்ந்ததும் கோவில் வாய் திறக்கும். கோவிலுக்குத் தாகம் என்பார்கள். ஜூன் மாதத் திருவிழாவுக்குக் கொடியேற்றும் முன்னே ஒரு செவ்வாய்க்கிழமை ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். சுண்ணாம்புக்காரர் வீடு என்று ஒரு குடும்பம். முகப்பைக் கட்டிய கொத்தர்களின் வழி வந்தவர்கள். அந்த வீட்டு ஆண்பிள்ளை ஏறி விரிசலை அடைத்து வெள்ளையடிப்பார். அதற்குப் பிறகுதான் கொடி. திருவிழாவில் முதல் மாலை அந்தக் குடும்பத்துக்கு. இப்போது அந்த வீட்டில் ஆண் இல்லை. சவரியம்மாள் என்ற விதவைதான் இருந்தார். அவர் கணவர் சின்னப்பன் காய்ச்சலில் போன பிறகு, கூலிக்கு ஆள் வைத்து ஏற்றி, முதல் கரண்டிக் கலவையைத் தன் கையால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சார் ஃபாதருக்கு விளக்கியபோது நானும் காதரும் பக்கத்தில் இருந்தோம். இந்தப் பக்கத்துக் களிமண் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும். வாய்க்காலை ஒட்டி முகப்பு இருப்பதால் கோடையில் முகப்பின் காலடி மண் இறங்கி, சுவர் முன்னால் சாயும். விரிசல் திறக்கும். மேட்டூர்த் தண்ணீர் வந்து வயலில் நின்றதும் மண் ஊதி, சுவர் பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்ப வேண்டும். ஆனால் விரிசல் ஆக விரிந்து நிற்கிற நேரம் பார்த்து அடைத்துவிடுகிறார்கள். திரும்பி வர இடம் இல்லை. அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம் சாய்கிறது. அதையும் அடைக்கிறார்கள்.

ஃபாதர் முகம் வெளுத்தது. "இது விழுமா விழாதா சார்? அதை மட்டும் சொல்லுங்க. மேலிடத்துல கேக்கிறாங்க. பங்குப் பேரவையில பாதிப் பேர் இடிச்சிட்டுக் காங்கிரீட்டுல புதுசா கட்டணும்கிறாங்க. பிளானே போட்டு வச்சிருக்காங்க."

"அடைச்சதை எடுத்துட்டா சுவர் திரும்பலாம். இல்லை, சாஞ்சே பழகிப்போயிருந்தா மண்ணு ஊதும்போது இன்னும் முன்னால போகலாம். போச்சுன்னா நானே இடிக்கச் சொல்லிடுவேன். எது நடக்கும்னு எனக்குத் தெரியாது ஃபாதர்."

தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாரத்தில் இருக்கப் போகிறவன் நான்.

சவரியம்மாளிடம் ஃபாதரே போய்ச் சொன்னார். அந்த அம்மாள் நேராகக் கோவிலுக்கு வந்துவிட்டார். கையில் கொத்துக் கரண்டி இருந்தது. கலவை குழைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வந்திருப்பார் போல.

"ஸ்தோத்திரம் சாமி. எங்க மாமனாரு வச்சாரு, அவங்க அப்பாரு வச்சாரு. இந்த வருசம் வைக்கக் கூடாதுன்னா, ஊரு என்னாங்கும்? சுண்ணாம்புக்கார வீட்டுல ஆம்பள இல்ல, அதான் நிறுத்திட்டாங்கன்னு சொல்லுமா இல்லியா?"

"அப்படி யாரும் சொல்ல மாட்டாங்கம்மா" என்றார் ஃபாதர்.

"நீங்க வந்து ரெண்டு வருசம் ஆகுது சாமி. எனக்கு இந்த ஊரைத் தெரியும்."

சார் அந்த அம்மாளுக்கு ஒன்றும் விளக்கவில்லை. விரிசலில் இருந்து உதிர்ந்த ஒரு துண்டைக் காட்டி, "இது யார் வச்சதுன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தார். விரலால் தேய்த்தார். "இது எங்க வீட்டுக்காரர் வச்சதுங்க. ஆத்து மணலு. உப்பு மண்ணு தொடவே மாட்டாரு." துண்டைத் திருப்பித் தரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார். அண்ணாந்து முகப்பைப் பார்த்தார். "விழுந்துருமுங்களா?"

"இப்படியே விட்டா ஒருநாள் விழும்."

"சனம் நிக்கிறப்பவா?"

சார் வாசற்படியைப் பார்த்தார். "எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

எடுப்பதற்குக் கோடை முழுக்கப் பிடித்தது. விரிசல் பக்கச் சுவரிலும் தரைவரை இறங்கியிருந்ததால் அதை எட்ட அங்கே இன்னொரு சாரம் கட்டினோம். சுத்தியலைச் சார் அனுமதிக்கவில்லை. கைத் துளைப்பானால் வரிசையாகத் துளைத்து, இரும்பு ரம்பத்தால் அறுத்து, துண்டு துண்டாக எடுத்தோம். மேலிருந்து கீழே. ஒரு சாண் எடுத்ததும் அந்த இடத்தில் பனங்கட்டை ஆப்பு ஒன்று செருக வேண்டும். பிறகு அடுத்த சாண். ஒவ்வோர் ஆப்புக்குப் பிறகும் நூலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். துளைப்பான் சுற்றும்போது சுவரின் உள்ளே ஒரு நடுக்கம் போகும். அது கையில் ஏறும். காதர் கூடப் பேச்சைக் குறைத்துவிட்டான். ஒருநாள் புறாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து பறந்தன. இரண்டு பேரும் கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றுமில்லை, கீழே பருந்து வந்திருக்கிறது. "அந்தோணியாரே, இந்தத் துலுக்கனையும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்றான் காதர்.

விரிசலின் குறுக்கே சார் கண்ணாடி ஒட்டச் சொன்னார். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் வைக்கிற மெல்லிய கண்ணாடித் துண்டு. ஒரு முனை வளைவில், மறு முனை முகப்பில், இரண்டையும் சாந்து வைத்துப் பிடிக்க வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தது எப்படி என்று பார்த்தால் சுவர் எந்தப் பக்கம் போனது என்று தெரியும். நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் விலகிப் போகிறது. ஒரு துண்டு மற்றதன் மேல் ஏறியிருந்தால் திரும்பி வருகிறது.

திருவிழா வந்தது. ஆப்புகள் உள்ளேயே இருந்தன. வாசலுக்கு முன்னால் கயிறு கட்டித் தடுத்தோம். வேட்டு கூடாது என்று சார் சொல்லியிருந்தார். சப்பரம் பக்க வாசல் வழியாகக் கிளம்பியது. அந்தக் கோவிலில் அப்படி நடந்ததே இல்லை.

"மாப்பிள்ளையை யாராவது கொல்லப்பக்கமா கூட்டிட்டுப் போவாங்களா?" என்று ஒருவர் கத்தினார்.

"வேட்டு இல்லாத திருவிழா எளவு வீடு மாதிரி இருக்கு" என்றார் இன்னொருவர்.

முதல் மாலையை ஃபாதர் சவரியம்மாளுக்கே போட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "அடைக்காததுக்கு எதுக்கு மாலை?" அந்த அம்மாளுக்குக் கேட்டிருக்கும். தலை குனியவில்லை. எனக்கு அதையெல்லாம் நின்று பார்க்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி யாராவது உள்ளே போகிறார்களா என்று பார்ப்பதிலேயே திருவிழா போயிற்று.

அதற்குள் மேட்டூர் திறந்துவிட்டார்கள். கல்லணைக்கு வந்துவிட்டது என்றார்கள். வெண்ணாற்றில் விட்டுவிட்டார்கள் என்றார்கள். விவசாயிகளுக்கு மகிழ்ச்சி. எங்களுக்கு அவசரம். மண் நனையும் முன் ஆப்புகளை உருவ வேண்டும். உருவினால் சுவரும் வளைவும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். பிறகு தண்ணீர் செய்வதுதான்.

கீழிருந்து ஒவ்வொன்றாக உருவினோம். உச்சியில் ஒன்று பாக்கி. சவரியம்மாள் சாரத்தடியில் வந்து நின்றார்.

"வச்சது எங்க வீடு. கடைசியா எடுக்கிறதும் எங்க வீடுதான். நான் ஏர்றேன்."

"அக்கா, ஆடும்க்கா" என்றேன்.

"நான் வயல்ல வரப்பு மேல ஓடினவ. நீ புடிச்சுக்க."

சார் "பார்ப்போம்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "மாரி, முன்னால நீ ஏறு. காதர் பின்னால" என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அம்மாள் ஏறினார். எங்கும் நிற்கவில்லை. உச்சிப் பலகையில் கால் வைத்ததும்தான் என் தோளை இறுகப் பிடித்தார். ஆப்பை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டி உருவினார். வந்துவிட்டது. சத்தம் ஒன்றும் இல்லை. விரிசலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தார். "உள்ளேருந்து காத்து வருது. சாம்பிராணி வாசனை" என்றார்.

தண்ணீர் மறுநாள் காலையில் வந்தது. நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வாய்க்காலின் அடியில் மெதுவாக ஊர்ந்து வந்தது. ஊரே பார்க்க ஓடியது. நாங்கள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வயலில் தண்ணீர் நின்றது, ஓட்டினார்கள், நாற்று விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஃபாதர் பூசை முடிந்ததும் வந்து அண்ணாந்து பார்ப்பார். காங்கிரீட் பிளான் போட்டவர்கள் ஒரு காரில் வந்து இறங்கி, வாசலை அளந்துவிட்டுப் போனார்கள். சார் தினமும் நூலைப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை சார். அப்புறம்? அசையவே இல்லை சார்.

ஒரு மத்தியானம் மேல் பலகையில் உட்கார்ந்து கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். பல்லியின் சத்தம் போல ஒன்று கேட்டது. திரும்பினேன். மேல் கண்ணாடியில் கோடு.

கீழே குரல் கொடுத்தேன். சார் நாற்காலியை விட்டு எழுந்தார். ஃபாதர் ஓடி வந்தார். சவரியம்மாள் எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, அவரும் நின்றார்.

"பார்த்ததைச் சொல்லு" என்றார் சார்.

எனக்குக் கண் மங்கியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு முகத்தைப் பக்கத்தில் கொண்டு போனேன். கோடு தெரிந்தது, இடைவெளியா மேலேறியிருக்கிறதா என்று தெரியவில்லை. நகத்தை வைத்து மெதுவாக இழுத்தேன். நகம் தடுக்கியது.

"ஏறியிருக்கு சார். ஒண்ணு மேல ஒண்ணு."

"நகத்தை எந்தப் பக்கமா இழுத்தே?"

"முகப்புலேருந்து உள்ளே சார்."

"இப்ப அந்தப் பக்கத்துலேருந்து இழு."

இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. இடைவெளியாக இருந்தால் இரண்டு பக்கமும் தடுக்கியிருக்கும். மேலேறித்தான் இருந்தது. சொன்னேன். "அப்புறம்?" என்றார், அப்போதும். காதர் வாளியின் பக்கத்தில் குனிந்து நூலைப் பார்த்தான். நூலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு நெல்மணி அளவு குறைந்திருந்தது. சுவர் பின்னால் போயிருக்கிறது.

ஃபாதர் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கழியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தேன். பயம் அப்போதுதான் முழுசாக வந்தது.

சவரியம்மாள் சாரின் முன்னால் போய் நின்றார். "அப்ப இத்தன வருசமா நாங்கதான் தள்ளிக்கிட்டு இருந்தோமுங்களா?"

நான் சாரைப் பார்த்தேன். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா. நீங்கதான் தள்ளினீங்க" என்றார். "அடைக்காம விட்டிருந்தா மழைத் தண்ணி உள்ளே இறங்கி வளைவு எப்பவோ விழுந்திருக்கும். அதைக் காப்பாத்தினதும் நீங்கதான். ரெண்டும் நடந்திருக்கு."

அந்த அம்மாள் அழவில்லை. "இனிமே என்னா வேல எங்களுக்கு?"

"மேலே ஈயத் தகடு போட்டு மூடிடுவோம். மழை இறங்காது. ஆனா விரிசல் திறந்தே இருக்கணும். புறா கூடு கட்டும், சருகு விழும், மண்ணு சேரும். வருஷா வருஷம் யாராவது எடுக்கணும்."

"மூடுறவங்களுக்கு மாலை போடுவாங்க. கூட்டுறவங்களுக்கு யாரு போடுவாங்க?"

"நான் போடுறேம்மா" என்றார் ஃபாதர், படியில் உட்கார்ந்தபடியே.

சுவர் முழுவதும் திரும்பவில்லை. அந்த மழைக்காலத்தில் வந்த அளவுக்கு வந்து நின்றுகொண்டது. அது போதும் என்றார் சார். இடிக்கும் பேச்சு அடங்கியது. வேறு வேலைக்குப் போனோம். எனக்கு மட்டும் அது தீரவில்லை. அடுத்த கோடையில் வாய்க்கால் காய்ந்ததும் யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறிப் போனேன். கொடியேற்றத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. சனம் கூடியிருந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். பக்கச் சுவரில் விரிசல் தரைவரை இறங்குகிற இடத்தில் சவரியம்மாள் குந்தி உட்கார்ந்து, கையை விட்டுச் சருகை எடுத்தார். புறா இறகு, குச்சி எடுத்தார். பிறகு கை நின்றது.

கிட்டே போய்ப் பார்த்தேன். ஆள் எட்டுகிற உயரத்தில் யாரோ புதுக் கலவை அப்பியிருந்தார்கள். அன்று விடியற்காலையில் வைத்திருக்க வேண்டும். அழகாகத் தேய்த்து, மேலே ஒரு சிலுவைக் குறியும் போட்டிருந்தது. நேர்த்திக்கடன்.

சவரியம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் கலவை வைக்கக் கொண்டு வருகிற கரண்டி அவர் இடுப்பில்தான் இருந்தது. உருவிக் கலவையில் ஒரு குத்துக் குத்தினார். வழித்து என் கையில் போட்டார்.

"ஈரமாத்தான் இருக்கு மாரி. இறுகறதுக்குள்ள எடுத்துருவோம். புடி."